மோதிர விரல் ரத்தம்

1. மூன்றாம் தடவையும் அதே எண்

மெஷின் மூன்றாம் தடவையும் அதே எண்ணைத்தான் காகிதத்தில் அடித்தது. நான் அதைக் கிழித்து எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் டாக்டர் யோகேஸ்வரி. அவர் வாங்கி வைத்த கோப்பி ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது.

"பிளாங்க் எப்பிடி, பாலு?"

"சுத்தமா இருக்கு டாக்டர்."

பிளாங்க் என்பது ரத்தம் சேர்க்காத வெறும் ஆசிட் தண்ணீர். மற்ற டியூபுகளுக்குச் செய்கிற அத்தனையும் அதற்கும் செய்து மெஷினில் போடுவோம். கண்ணாடிச் சாமானிலோ ஆசிட்டிலோ அழுக்கு இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். பிளாங்க் சுத்தம் என்றால் லேப் சுத்தம். அப்படித்தான் படித்திருந்தோம்.

"அப்ப ரத்தத்திலதான் இருக்கு" என்றார் டாக்டர்.

டியூபில் இருந்தது புஷ்பாவின் ரத்தம். ஜார்ஜ் டவுனில் தெரு கூட்டுகிற பெண். அவளோடு வேலை பார்க்கும் ஆண்களின் ரத்தத்தில் இருந்ததைப்போலப் பல மடங்கு ஈயம் அவள் டியூபில் இருந்தது. ஈயம் ரத்தத்தில் ஏறினால் வளர்ந்த ஆளுக்கே கெடுதல். புஷ்பாவோ முழுகாமல் இருந்தாள். நாலாம் மாதம். தாய் ரத்தத்தில் இருக்கிற ஈயம் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போகும், மூளை வரைக்கும் போகும்.

ரத்தம் எடுத்த அன்று முழுகாமல் இருப்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது வயிறும் தெரியவில்லை. முந்தின நாள்தான் எங்கள் நர்ஸ் மைமூன் அக்கா அவளைப் பசாரில் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தார்.

"சொல்லாம விட ஏலாது. சொன்னா அந்தப் பிள்ளை தாங்குவாளோ தெரியேல்ல" என்றார் டாக்டர். அவருடைய அப்பா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பினாங்கில் குமாஸ்தா வேலைக்கு அமர்ந்த குடும்பம். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவர். பேச்சு மட்டும் வீட்டுப் பேச்சு. பதற்றம் வந்தால் இன்னும் அதிகமாக யாழ்ப்பாணமாகிவிடும். அன்று முழு யாழ்ப்பாணம்.

2. மூன்று லேப்புக்கு ஒரு ஆள்

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எனவே கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

நான் டத்தோ கிராமாட்டில் வளர்ந்தவன். பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றது. கெலுகோர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பாட்டில் கழுவுகிற வேலை கிடைத்தது. பாட்டில் கழுவும்போது பக்கத்தில் கிடந்த மெஷின் புத்தகங்களை அகராதி வைத்துப் படித்தேன். சந்தேகம் வந்தால் போகிற வருகிறவர்களையெல்லாம் பிடித்துக் கேட்பேன். "இந்தப் பாலுகிட்ட மாட்டுனா பஸ்ஸ விட்டுருவோம்லா" என்று மாணவர்கள் ஓடுவார்கள். எண்பதுகளில் லேப் அசிஸ்டென்ட் ஆகிவிட்டேன். அதுவும் மூன்று லேப்புக்கு.

அந்த ஆராய்ச்சியே மூன்று லேப் சேர்ந்து செய்ததுதான். பெட்ரோலில் ஈயம் கலந்து விற்ற காலம் அது. காடிப் புகையில், அதாவது வண்டிப் புகையில், நாள் பூராவும் நிற்கிற தெருக் கூட்டும் ஆட்களுக்கு உடம்பு என்ன ஆகிறது என்பது கேள்வி. ரத்தத்தில் ஈயம் பார்ப்பது டாக்டர் யோகேஸ்வரியின் நச்சியல் லேப். பலகைமேல் ஏறி இறங்கச் சொல்லி மூச்சும் தெம்பும் பார்ப்பது டாக்டர் டானின் உடற்பயிற்சி லேப். ரோட்டோரப் புழுதியை அள்ளி வந்து சலித்து, காயவைத்து, ஆசிட்டில் கரைப்பது என்சிக் ரஸாலியின் மண் லேப். என்சிக் என்றால் மலாயில் திரு. மூன்று இடத்திலும் டியூபைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான்.

ரத்தம் எடுத்தது கூட்டுகிறவர்களின் கோட்டர்ஸ் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். டாக்டர் டானுக்குத் தசைக் களைப்பு பார்க்கக் காது மடலில் ஒரு சொட்டு வேண்டும். எங்களுக்கு விரலில் ஒரு சொட்டு வேண்டும். அவர் புத்தகத்தில் காது என்று போட்டிருந்தது, எங்கள் புத்தகத்தில் மோதிர விரல் என்று போட்டிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆட்கள் முதலில் அவரிடம் போய்ப் பலகை ஏறி, காதில் குத்து வாங்கிக்கொண்டு, பிறகு மைமூன் அக்கா மேசைக்கு வருவார்கள்.

மைமூன் அக்கா சூலியா தெருப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம். ஊசி போடுவதில் கைராசிக்காரி. "ஆளு மொகத்தப் பாத்தா நம்ம கை நடுங்கும் தம்பி. நான் வெரல மட்டும்தான் பாப்பேன்" என்பார். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, ஒரு குத்து, முடிந்தது.

ரிசல்ட் வரத் தொடங்கியபோது பெண்களுக்கெல்லாம் ஈயம் கூட, ஆண்களுக்குக் குறைவு. புஷ்பாவுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். ஏன் என்று யோசித்ததில் பதிலும் சுலபமாகக் கிடைத்தது. ஆண்கள் லாரியில் குப்பை ஏற்றுகிறவர்கள். பெண்கள் ரோட்டு ஓரத்தைக் கூட்டுகிறவர்கள். அந்த ஓரத்துப் புழுதியில்தான் ஈயம் அதிகம் என்று மண் லேப் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தது.

"ஙாம் லா, பாலு! ஙாம்!" என்று என்சிக் ரஸாலி என் தோளில் தட்டினார். கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதற்கு எங்கள் ஊரில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் சொல்கிற சொல் அது. எனக்கும் ஙாம் என்றுதான் பட்டது.

3. வயிற்றில் கல்

டாக்டரின் காரில் டாக்டர், மைமூன் அக்கா, நான் மூன்று பேரும் கோட்டர்ஸுக்குப் போனோம்.

வீட்டில் புஷ்பாவும் அவள் மாமியார் அஞ்சலையம்மாவும் இருந்தார்கள். அஞ்சலையம்மாவும் ஒரு காலத்தில் தெரு கூட்டியவர்தான். ஒல்லியான உடம்பு, நெற்றி நிறைய திருநீறு, கணீரென்ற குரல். "வாங்க, பசியாறிட்டீங்களா?" என்றுதான் வரவேற்றார். மைமூன் அக்கா முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் பதமாகத்தான் சொன்னார்.

"ஈயமா?" என்றார் அஞ்சலையம்மா. "மீன் வலையில கட்டுவாங்களே, அதுவா?"

"ஓம் அம்மா. அதுதான்."

"அது எப்படி இவ ரத்தத்துக்குள்ள போகும்?"

"ரோட்டுப் புழுதியில இருக்கு. புகையில இருக்கு."

"நான் கூட்டாத ரோடா? எனக்கு அஞ்சு பிள்ளைங்க." சொல்லிவிட்டு அவரே யோசித்தார். "அப்ப இவ்ளோ காடி ஏது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

புஷ்பா சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் என்னைத்தான் பார்த்தாள். "அண்ணே, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகாது என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆகும் என்று சொல்லவும் தெரியாது. "டாக்டர் பாத்துக்குவாங்கம்மா" என்றேன். எதற்கும் உதவாத வார்த்தை.

கையில் நரம்பிலிருந்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கேட்டார். அஞ்சலையம்மா வெடித்துவிட்டார்.

"ஒரு சொட்டு எடுத்ததுக்கே வயித்துல கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்க. இன்னும் எடுத்து என்ன போடப் போறீங்க? மொதப் பிள்ளையும் தங்கல இவளுக்கு. இது தங்குச்சேன்னு இருந்தோம். கொறையோட பொறந்து, அது காலம் பூரா சூசா படணுமா?" சூசா என்றால் கஷ்டம். அந்த வீட்டில் அன்று அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் இருந்தது.

இரண்டொரு நாளில் மைமூன் அக்கா லேப்புக்கு வேகமாக வந்தார். கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"தம்பி, அவங்க முடிவு பண்ணிட்டாங்க. எங்கயோ ஒரு கிளினிக்ல சொல்லி வச்சாச்சாம். கலைச்சிடறதுன்னு. சனிக்கிழமை."

அன்று புதன். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் சொன்ன நம்பராலதானே" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

4. எந்தக் காது?

மறுநாள் டாக்டர் டான் எங்கள் லேப்புக்கு வந்தார். அவர் டியூபுகளில் கொஞ்சத்தை எங்கள் ஃப்ரீசரில்தான் வைத்திருந்தார். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே, இந்தக் காது டியூபை எல்லாம் வீசிவிடலாமா என்று மலாயில் என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், அடுத்தவர் இடத்தில் சாமான் வைத்தால் தூக்கம் வராது அவருக்கு.

டாக்டர் யோகேஸ்வரி தலையைத் தூக்கினார். "எந்தக் காது?"

"என் காது" என்றார் டாக்டர் டான். பிறகு சிரித்துக்கொண்டு, "கூட்டுகிறவர்களின் காது" என்றார்.

"அதில ரத்தம் மிச்சம் இருக்கோ, பாலு?"

"கொஞ்சமா இருக்கு டாக்டர். ஃபர்னஸுக்குப் போதும்."

அந்த மெஷினுக்கு ஒரு சொட்டில் பாதி இருந்தாலே போதும். புஷ்பாவின் காது டியூபைத் தேடி எடுத்து உருக வைத்தேன். டியூபை உடைத்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மெஷின் சூடேறி, வெளிச்சம் வந்து, அடங்கி, எண்ணை அடித்தது.

சின்ன எண். ஆண்களுக்கு வந்ததைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

மறுபடியும் போட்டோம். அதேதான். மற்றப் பெண்களின் காது டியூபையும் போட்டோம். எல்லாம் சின்ன எண்கள். விரலில் பெரிசு, காதில் சிறிசு.

"ஒரே மனிசி. ஒரே காலமை. ரெண்டு கதை" என்றார் டாக்டர். காலமை என்றால் அவர் பேச்சில் காலை நேரம்.

எது நிஜம் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. வெளியிலிருந்து அழுக்குச் சேர்ந்தால் எண் கூடும், குறையாது. ஆகவே சின்ன எண்ணைத்தான் நம்ப வேண்டும். அப்படியானால் விரல் டியூபுக்குள் ஈயம் எங்கிருந்து வந்தது? நாங்கள் மூன்று தடவை போட்டுப் பார்த்தது ஒரே டியூபைத்தான். தப்பு டியூபுக்குள்ளேயே இருந்தால் முப்பது தடவை போட்டாலும் அதே தப்புதான் வரும். பிளாங்க் சுத்தமாக வந்ததற்கும் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. பிளாங்க் லேப்பை விட்டு வெளியே போனதே இல்லை. அந்த மண்டபத்துக்கு அது வரவேயில்லை.

"போய்ச் சொல்லிடலாமா டாக்டர்?"

"என்னெண்டு சொல்லுறது? முந்தி நான் சொன்னது பிழையா இருக்கலாம், இதுதான் சரியா இருக்கலாம் எண்டோ? லாம் லாம் எண்டு சொல்லிக்கொண்டு போக ஏலாது, பாலு. எங்கயிருந்து வந்ததெண்டு தெரியவேணும். கையில எடுத்த ரத்தமும் வேணும்."

இந்தத் தடவை மைமூன் அக்கா தனியாகப் போனார். என்ன சொன்னாரோ தெரியாது. ரொம்ப நேரம் கழித்துப் போன் வந்தது. "நாளைக்கு வராங்க. கெழவியும் கூட வருது, காவலுக்கு."

5. கொஞ்சம் இருங்க அக்கா

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் லேப்புக்கு வந்தபோது மண்டபத்தில் போட்டிருந்த மாதிரியே மேசை, நாற்காலி எல்லாம் போட்டு வைத்திருந்தோம். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அண்டைக்கு எப்பிடியோ, இண்டைக்கும் அப்பிடியே. ஒண்டும் மாத்தக் கூடாது. பஞ்சு முதல்கொண்டு." எங்கே அழுக்குச் சேர்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பிடிக்க வேண்டும். முதலில் அன்றைக்குப்போல விரல், பிறகு கை நரம்பு.

நான் பஞ்சைச் சந்தேகப்பட்டேன். டாக்டர் ஊசியைச் சந்தேகப்பட்டார். டாக்டர் டான் டியூப் மூடியைச் சந்தேகப்பட்டார். அவரும் வந்து ஓரமாக நின்றுகொண்டார். அஞ்சலையம்மா கதவுப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் எல்லாரையும் மொத்தமாகச் சந்தேகப்பட்டார்.

புஷ்பா நாற்காலியில் உட்கார்ந்தாள். மைமூன் அக்கா ஊசி உறையைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க அக்கா."

புஷ்பா இடுப்பில் செருகியிருந்த சின்னச் சுருக்குப் பையைப் பிரித்தாள். உள்ளே பிளாஸ்டிக் பாக்கெட்டில் குங்குமம். நல்ல பளீரென்ற நிறம், கொஞ்சம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. வலது கை மோதிர விரலைத் தொட்டு நெற்றியில் வைத்தாள். தாலியை வெளியே எடுத்து அதிலும் வைத்தாள். கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, அதே கையை, அதே விரலை மைமூன் அக்காவிடம் நீட்டினாள்.

மைமூன் அக்கா ஊசி உறையை மேசையில் வைத்தார்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் செய்தனீரோ?" டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார்.

புஷ்பா பயந்துவிட்டாள். "பொம்பளைங்க எல்லாரும்தான் செஞ்சோம் டாக்டர். ஊசியப் பாத்தா பயமா இருக்குல்ல. அம்மாள வேண்டிக்கிட்டு வச்சுக்கிட்டோம். பாக்கெட்டு என்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் எல்லாருக்கும் நீட்டுனேன். தப்புங்களா?"

"காதில குத்தேக்க?"

"அப்ப வைக்கல. காதுல குத்துறது கண்ணுக்குத் தெரியலையே, அதுக்கு எதுக்குப் பயம்?"

மைமூன் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். "அல்லா! பஞ்சுல செவப்பு ஒட்டுச்சு தம்பி. நான் மருதாணின்னு நெனச்சேன். எங்க வீட்டுப் பொம்பளைங்க வெரல் நுனி எல்லாம் அப்படித்தானே இருக்கும்!"

பார்த்துக்கொண்டேதான் இருந்தோம் எல்லாரும். ஆனால் யார் கண்ணிலும் படவில்லை. மைமூன் அக்கா வீட்டில் குங்குமம் இல்லை. டாக்டர் டான் வீட்டில் இல்லை. நான் ஆம்பிளை, திருநீறு பூசுகிறவன். டாக்டர் அப்போது வந்திருந்த ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறி ரொம்ப நாளாகிவிட்டது. கிருமி போக ஸ்பிரிட்டால் துடைத்தோம். கிருமி போயிருக்கும். பொடி விரல் ரேகைக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் ரத்தம். சிவப்பு மேல் சிவப்பு.

"எங்க வாங்கினனீர் இதை?"

"திருவிழாவுல, ரோட்டோரத்துல வித்தாங்க. கலர் நல்லா இருந்துச்சு."

மஞ்சளில் செய்த குங்குமத்துக்கு அந்தக் கலர் வராது. சில இடத்தில் கலருக்காகச் செந்தூரப் பொடி கலந்துவிடுவார்கள், அது ஈயத்திலிருந்து செய்வது. ஒரு சிட்டிகையை எடுத்து நைட்ரிக் ஆசிட்டில் கரைத்தேன்.

"ஃபர்னஸில போடாதையும்! பிறகு கழுவி முடியாது. ஃபிளேமில போடும், நல்லாத் தண்ணி கலந்து" என்று டாக்டர் கத்தினார். அதுவும் சரிதான், ஃபர்னஸ் துளி ஈயத்தை அளக்கிற மெஷின், ஃபிளேம் அதிகமாக இருப்பதை அளப்பது. கலந்து போட்டும் ஃபிளேம் மெஷினின் எண் எல்லை தாண்டிப் போய்விட்டது. இன்னும் கலந்தேன். இன்னும் போனது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அஞ்சலையம்மா சிரிக்கவில்லை.

6. அஞ்சலையம்மாவின் இரண்டு விரல்

டாக்டர் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அஞ்சலையம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அன்னைக்குப் பெரிய நம்பர்ன்னீங்க. இன்னைக்குச் சின்ன நம்பர்ங்கறீங்க. நாலு நம்பர் கடைக்காரன்கூட ஒரு தடவ விழுந்த நம்பர மாத்த மாட்டான்லா."

டாக்டர் டானுக்கு நான் மொழிபெயர்த்தேன். பரிசுச் சீட்டுக் கடையோடு எங்களை ஒப்பிட்டது அவருக்குப் புரிந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா சொல்லுறது சரி" என்றார் டாக்டர். "பிழை எங்கட. புஷ்பாவின்ர பிழை இல்லை, ஊசி போட்டவவின்ர பிழையும் இல்லை. நான் யோசிச்சிருக்கவேணும்."

"மன்னிப்பு வேணாம்மா எனக்கு. நாளைக்கு என்ன பண்றதுன்னு தெரியணும். நீங்க சொன்னதக் கேட்டு இதக் கலைக்கறதா, நீங்க சொல்றதக் கேட்டு இத வச்சுக்கறதா? ரெண்டும் உங்க வாயிலதான வருது?"

புஷ்பாவின் கை நரம்பில் இதற்குள் எடுத்திருந்த ரத்தம் என் முன்னால் டியூபில் இருந்தது. அதைத் தயார் செய்து போட நேரமாகும். போட்டாலும் என்ன? அது இன்னும் ஒரு நம்பர்தான்.

அஞ்சலையம்மா எழுந்து மேசைக்கு வந்தார். "குங்குமத்தாலதான்னா என் ரத்தத்துல காட்டு."

அவர் சொன்னது முதலில் எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "ஒரு வெரல்ல அத வச்சுக் குத்து. இன்னொரு வெரலக் கழுவிட்டுக் குத்து. ரெண்டும் என் ரத்தம். என்ன வருதுன்னு பாப்போம்."

மைமூன் அக்கா அவர் இடது கையைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, லேப் தண்ணீரில் அலசிவிட்டார். பிறகு குங்கும பாக்கெட்டைப் பிரித்து நீட்டப் போனவர் நின்றுவிட்டார். அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அஞ்சலையம்மாவின் நெற்றியில் திருநீறு மட்டும்தான். கணவர் இறந்து பல வருஷம்.

"அம்மா, வேணாம். தம்பி விரல்ல வச்சுப் பாக்கலாம்" என்றார் மைமூன் அக்கா.

"அவன் உங்க ஆளு. அவன் ரத்தத்த நான் எதுக்கு நம்பணும்?" சொல்லிக்கொண்டே அஞ்சலையம்மா வலது கை மோதிர விரலைப் பாக்கெட்டுக்குள் விட்டார். எடுத்துப் பார்த்தார். விரல் சிவந்திருந்தது. புஷ்பா "அத்தை" என்று கூப்பிட்டாள். "சும்மா இருடி. தொட்டா என்ன. குத்துங்கம்மா" என்று கையை நீட்டினார்.

இரண்டு டியூப். இடது, வலது. வலது டியூபை அளவுக்கு மேல் தண்ணீர் கலந்து போட்டேன், கலந்த அளவால் பெருக்கி எண்ணை எழுதினேன். அஞ்சலையம்மா மெஷினுக்கு முன்னாலேயே நின்றார். அவருக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது, ஆனால் எண் எல்லாம் அத்துப்படி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"இது எந்தக் கை?"

"கழுவின கைம்மா."

"இது?"

"குங்குமம் தொட்ட கை."

பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று சின்னது. ஒன்று புஷ்பாவுக்கு முதலில் வந்ததைவிடப் பெரியது.

"ஒரே ஒடம்புல ரெண்டு ரத்தமா ஓடும்?" என்றார், யாரைப் பார்த்தும் இல்லாமல். பிறகு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். விரலைப் புடவைத் தலைப்பில் துடைக்கப் போய், நிறுத்திக்கொண்டு, "எங்க கழுவறது?" என்று கேட்டார். நான் குழாயைக் காட்டினேன். கழுவிவிட்டு வந்து மருமகளைப் பார்த்துச் சொன்னார். "சேகருக்குப் போன் போடு. நாளைக்கு லீவு எடுக்க வேணாம்னு சொல்லு."

சேகர் புஷ்பாவின் புருஷன். கிளினிக்குக்குக் கூட்டிப் போக லீவு சொல்லியிருந்தான். புஷ்பா அதற்குப் பிறகுதான் அழுதாள். அதுவரை அழவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கை நரம்பு ரத்தத்தின் எண்ணும் அன்று சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. காதில் வந்த மாதிரியே சின்ன எண். ஆனாலும் டாக்டர் அந்தப் பாக்கெட்டை வீட்டில் வைக்கக் கூடாது, அதைத் தொட்ட கையால் சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பாக்கெட் நீட்டப்பட்ட மற்றப் பெண்கள் வீட்டுக்கெல்லாம் மைமூன் அக்கா போய்ச் சொன்னார். ரோட்டுப் புழுதி ஒன்றும் சுத்தமாகிவிடவில்லை. அதில் ஈயம் இருந்தது நிஜம். பெண்களின் விரல் எண்களை மட்டும் டாக்டர் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார். என்சிக் ரஸாலிக்குத்தான் வருத்தம். "ஙாம்னு சொன்னேனே பாலு" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் எங்களைக் கவிழ்த்தது. மூன்று லேப்பும் ஒரே பதிலைச் சொன்னதும் யாரும் நாலாவது கேள்வி கேட்கவில்லை.

7. குழாயடி

அதற்குப் பிறகு எங்கே ரத்தம் எடுக்கப் போனாலும் நான் முதலில் இறக்குகிற சாமான் ஒரு பேசினும் சோப்பும். பிளாங்க் டியூபையும் கூடவே கொண்டுபோவேன். ஆட்கள் உட்காருகிற அதே மேசையில் அதைத் திறந்து வைத்து, அதே பஞ்சு, அதே காற்று படவிட்டு, மற்ற டியூபுகளோடு திரும்பக் கொண்டுவருவேன். கும்பிடுவதைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள், வேண்டுவதை வேண்டிக்கொள்ளுங்கள், அதன் பிறகு கை கழுவிவிட்டு வாருங்கள் என்பேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

லேப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். டியூப் லேப்புக்குள் வந்த பிறகு நாம் ரொம்பக் கவனம். ஆனால் ரத்தம் லேப்பில் பிறப்பதில்லை. பயந்துபோன ஒரு ஆளின் கையிலிருந்து வருகிறது. அந்த ஆள் பயத்தில் என்ன செய்வார் என்று எந்த மெஷின் புத்தகத்திலும் போட்டிருக்காது. கூட நின்று பார்த்தால்தான் தெரியும்.

புஷ்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி ரத்தத்தையும் போட்டுப் பார்த்தோம், பயப்பட ஒன்றும் இல்லை. குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்த பிறகு டாக்டரும் மைமூன் அக்காவும் நானும் பார்க்கப் போனோம். குழந்தை தொட்டிலில் கையை விரித்துக்கொண்டு தூங்கியது. நெற்றியில் மை வைத்த பொட்டு. நான் எல்லாருக்கும் முன்னால் குனிந்து தூக்கப் போனேன். அஞ்சலையம்மா குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"எங்க கைய நீட்ற? அந்தா கொழாய். மொதல்ல கழுவிட்டு வா."

மூன்று பேரும் வரிசையில் நின்று கழுவினோம். டாக்டர் இரண்டு தடவை கழுவினார்.